‘பேய் ஹோட்டலில்’ ஒரு ராத்திரி தங்கலாமா? முசோரி சவாய் பற்றி புக் பண்ணும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

லாங் வீக்கெண்ட் வருகிறது. குருகிராமிலோ நொய்டாவிலோ வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ரீல் போடுகிறார். பனிமூட்டம், கோபுரம் வைத்த பழைய கட்டடம், பின்னணியில் ஒரு பெண் அழும் சத்தம். "இந்தியாவின் டாப் 10 பேய் ஹோட்டல்கள்". அடுத்த மெசேஜ்: "மச்சி, போலாமா?"

போகலாம். தாராளமாகப் போகலாம். ஆனால் எதைப் பார்க்கப் போகிறோம், அந்த ரீலில் சொன்னதில் எது நடந்தது, எது ஒட்ட வைத்தது, உண்மையிலேயே அங்கே பயப்பட வேண்டிய விஷயம் எது என்று தெரிந்துகொண்டு போனால் கொடுக்கிற காசுக்கு மரியாதை. இந்தப் பட்டியல்களில் தவறாமல் இடம்பிடிக்கும் உத்தராகண்டின் முசோரி சவாய் ஹோட்டலை எடுத்துக்கொள்வோம். போகிற வழியில் மும்பைக்கும் கோட்டாவுக்கும் ஒரு எட்டு போய் வருவோம்.

முதலில், இது என்ன ஹோட்டல்?

லக்னோவைச் சேர்ந்த பாரிஸ்டர் சிசில் லிங்கன் என்பவர், ஒரு பழைய பள்ளிக்கூடம் இருந்த இடத்தை வாங்கிக் கட்டிய ஹோட்டல் இது. 1902-ல் திறந்தார்கள். டேராடூன் வரை ரயில் வந்ததே 1900-ல்தான். அங்கிருந்து மேலே வர மோட்டார் சாலை கிடையாது. பியானோ, பில்லியர்ட்ஸ் மேசை, ஒயின் பீப்பாய் என்று எல்லாமே மாட்டு வண்டியில் மலையேறின. கட்டடம் ஆங்கிலேய கோதிக் பாணி. மர வேலைப்பாடு ஏராளம். 1905 ஏப்ரலில் காங்க்ரா நிலநடுக்கம் வந்தபோது சேதமாகி, சில காலம் மூடிக் கிடந்து, 1907-ல் மறுபடி திறந்தது. இப்போது ஐடிசி குழுமத்தின் வெல்கம்ஹோட்டல் பெயரில் இயங்குகிறது. மால் ரோட்டின் லைப்ரரி முனைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. காட்டுக்குள் தனியாக நிற்கிற பாழடைந்த பங்களா என்று கற்பனை செய்துகொண்டு போனால் ஏமாந்து போவீர்கள்.

முசோரி என்றதும் நம் ஊரில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஐஏஎஸ் அகாடமி. அதுவும் ஒரு பழைய ஹோட்டல்தான் என்பது தெரியுமா? சார்ல்வில் ஹோட்டல் என்று அதற்குப் பெயர். 1959-ல் அங்கேதான் தேசிய நிர்வாக அகாடமி தொடங்கியது. 1984-ல் நடந்த தீ விபத்தில் அந்தப் பழைய கட்டடம் அழிந்தது. இந்தத் தகவலை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, பேய் யாரு?

ரீல்கள் சொல்லும் கதை இது: "1910-ல் லேடி கார்னெட் ஓர்ம் என்ற சீமாட்டி இங்கே தங்கியிருந்தார். மருந்து பாட்டிலில் ஸ்ட்ரிக்னின் விஷம் கலந்து கொன்றுவிட்டார்கள். உள்பக்கம் பூட்டிய அறையில் பிணம். கொன்றவர் யார் என்று தெரியவில்லை. அதைத் தேடி அவர் ஆவி இன்னும் காரிடாரில் அலைகிறது. அகதா கிறிஸ்டி இதை வைத்துத்தான் முதல் நாவலை எழுதினார்."

இப்போது வழக்கு விவரத்துக்கு வருவோம். அவர் பெயர் ஃப்ரான்சிஸ் மேரி கார்னெட்-ஓர்ம். 'லேடி' இல்லை, 'மிஸ்', திருமணமாகாதவர். இறந்தபோது வயது 49. ஆண்டு 1911. விஷம் ஸ்ட்ரிக்னின் இல்லை. ப்ரஸ்ஸிக் அமிலம், அதாவது ஹைட்ரஜன் சயனைடு.

ஐக்கிய மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஒருவருக்கும் அவருக்கும் கல்யாணம் நிச்சயமாகி இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே அந்த மாப்பிள்ளை இறந்துபோனார். துக்கத்திலிருந்து மீளாத அவருக்கு, செத்தவர்களோடு பேச முடியும் என்ற நம்பிக்கை பிடித்துக்கொண்டது. அந்தக் காலத்தில் இது விசித்திரமான விஷயம் இல்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆவியை அழைப்பது, கண்ணாடிக் கோளத்தில் பார்ப்பது எல்லாம் படித்த ஆங்கிலேயர் வீடுகளில் சகஜமாக நடந்தன. அப்படிக் கிடைத்த தோழிதான் லக்னோவைச் சேர்ந்த ஈவா மவுண்ட்ஸ்டீஃபன். கண்ணாடிக் கோளம் பார்ப்பதில் கெட்டிக்காரர் என்று பெயர்.

இரண்டு பெண்களும் அந்த ஆண்டு சவாயில் தங்கினார்கள். பிறகு தோழி முசோரியை விட்டுக் கிளம்பிவிட்டார். சில நாள் கழித்து கார்னெட்-ஓர்ம் படுக்கையில் இறந்து கிடந்தார். கதவு உள்ளே பூட்டியிருந்தது. பிரேதப் பரிசோதனையில் விஷம் தெரிந்தது. சோடா உப்பு பாட்டிலில் விஷத்தைப் போட்டு வைத்துவிட்டுப் போய்விட்டார் என்று மவுண்ட்ஸ்டீஃபன் மீது கொலை வழக்கு. உயிலில் அவருக்கு ஆதாயம் இருந்தது, அதுதான் காரணம் என்றது அரசுத் தரப்பு. மனமுடைந்து, உடம்பும் சரியில்லாமல் இருந்தவர் தானே அருந்தியிருக்கலாம் என்றது எதிர்த்தரப்பு. 1912-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் மவுண்ட்ஸ்டீஃபனை விடுதலை செய்தது. சாவின் உண்மையான சூழல் ஒருவேளை எப்போதுமே தெரியாமல் போகலாம் என்ற பொருளில் தலைமை நீதிபதி சொன்னதாகப் பதிவு. பிறகு உயில் வழக்கு தனியாக நடந்தது; அதில் மவுண்ட்ஸ்டீஃபன் தோற்றார். ஆவி நம்பிக்கையைப் பயன்படுத்தி முறையற்ற செல்வாக்கு செலுத்தி எழுத வைத்த உயில் என்பதுதான் அவர் மீதான குற்றச்சாட்டு.

இதில் இரண்டு விஷயத்தை நிதானமாக யோசியுங்கள்.

ஒன்று, அந்தப் 'பூட்டிய அறை' மர்மம். ரீலில் இதற்குத்தான் மியூசிக் ஏறும். ஆனால் விஷம் பாட்டிலில் இருந்தது என்றால் கதவு பூட்டியிருந்ததில் மர்மமே இல்லை. பாட்டிலில் விஷம் வைத்தவர் அந்த நேரத்தில் அறையில் இருக்க வேண்டிய அவசியம் கிடையாது. மர்மம் கதவில் இல்லை. அந்த பாட்டிலைத் தொட்டது யார் என்பதில்தான்.

இரண்டு, நீதிமன்றம் விடுதலை செய்த ஒரு பெண்ணை நூறு வருஷத்துக்கு மேலாகக் கொலைகாரி என்று கதை சொல்லிக்கொண்டிருக்கிறோம். அவர் செய்திருக்கலாம், செய்யாமலும் இருக்கலாம். இன்றைக்கு உயிரோடு இருக்கிற ஒருவரைப் பற்றி இப்படி வீடியோ போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும். செத்துப் போனவர்களுக்கு அந்த வசதி இல்லை.

ஸ்ட்ரிக்னின் எங்கிருந்து வந்துச்சு?

இதுதான் இந்தக் கதையிலேயே சுவாரசியமான இடம். (அகதா கிறிஸ்டியின் 'தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்' படிக்காதவர்கள், படிக்கப் போகிறவர்கள், அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள். ஸ்பாய்லர்.)

1920-ல் வெளியான அந்த நாவலில், பணக்கார மூதாட்டி ஒருவர் பூட்டிய அறையில் இறக்கிறார். அவர் தினமும் குடிக்கும் டானிக்கிலேயே கொஞ்சம் ஸ்ட்ரிக்னின் இருக்கிறது. நம்ம ஊர் எட்டிக்கொட்டையில் இருக்கிற அதே நஞ்சுதான்; ரொம்பக் குறைந்த அளவில் அந்தக் காலத்து டானிக்குகளில் சேர்ப்பார்கள். அந்த பாட்டிலில் யாரோ புரோமைடு தூளைப் போட்டுவிடுகிறார்கள். புரோமைடு சேர்ந்ததும் கரைசலில் இருந்த ஸ்ட்ரிக்னின் பிரிந்து படிகமாகி அடியில் தங்கிவிடும். மேலே இருப்பதைக் குடிக்கும்வரை ஒன்றும் ஆகாது. கடைசி டோஸில் மொத்த விஷமும் உள்ளே போகும். அப்போது கொலையாளி வெகு தூரத்தில் இருக்கலாம். முதல் உலகப் போர் சமயத்தில் மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்தவர் கிறிஸ்டி. இந்த வேதியியல் அவருக்கு அங்கே கிடைத்த தொழிலறிவு.

முசோரி வழக்கு அந்த நாவலுக்குத் தூண்டுதல் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். இருக்கலாம், அந்த வழக்கு ஆங்கிலேய சமூகத்தில் பரபரப்பாகப் பேசப்பட்டது. ருட்யார்ட் கிப்ளிங் இதைப் பற்றி ஆர்தர் கானன் டாயிலுக்குக் கடிதம் எழுதி, கதையாக்கச் சொன்னார். ஷெர்லாக் ஹோம்ஸை முசோரிக்கு அனுப்ப டாயில் ஏனோ முன்வரவில்லை. பாட்டிலில் விஷம், கொன்றவர் ஊரில் இல்லை என்ற அமைப்பு இரண்டுக்கும் பொது. அதற்கு மேல் நேரடிச் சான்று கேட்டால் கை விரிக்க வேண்டியதுதான்.

ஆனால் எதிர்த்திசையில் நடந்தது பளிச்சென்று தெரிகிறது. நாவலில் இருக்கிற ஸ்ட்ரிக்னின், நிஜ வழக்கின் சயனைடை ஓரங்கட்டிவிட்டு கதைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. நாவலின் பணக்கார மூதாட்டி, 49 வயது மிஸ் கார்னெட்-ஓர்மை 'லேடி' ஆக்கிவிட்டார் என்று நான் சந்தேகிக்கிறேன். நிஜத்திலிருந்து கற்பனை பிறந்ததோ இல்லையோ, கற்பனை திரும்பி வந்து நிஜத்தைத் திருத்தி எழுதிவிட்டது. நாம் பயந்துகொண்டிருக்கும் ஆவியில் பாதி கிறிஸ்டி எழுதியது.

பேயை விடப் பெரிய கதை ஒன்று

1920 மே மாதம். ஜவாஹர்லால் நேரு தன் அம்மா, மனைவி, தங்கையோடு சவாயில் தங்கியிருக்கிறார். அதே ஹோட்டலில் ஆப்கானிஸ்தான் தூதுக்குழுவும் தங்கியிருக்கிறது. 1919 போருக்குப் பிறகு பிரிட்டிஷாரோடு பேச்சுவார்த்தை நடத்த வந்தவர்கள். நேரு அவர்களோடு பேசக்கூட இல்லை. ஆனாலும் போலீஸ் அதிகாரி வந்து, ஆப்கானியரோடு எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று எழுதிக் கொடுங்கள் என்றார். பேசும் எண்ணமே எனக்கு இல்லை, ஆனால் எழுதிக் கொடுக்க முடியாது என்றார் நேரு. ஊரை விட்டு வெளியேறச் சொல்லி உத்தரவு வந்தது.

அலகாபாத் திரும்பினார். அந்தச் சமயம் பார்த்து, பிரதாப்கர் பகுதி விவசாயிகள் நூற்றுக்கணக்கில் தங்கள் குறையைச் சொல்ல அங்கே நடந்து வந்திருந்தார்கள். அவர்களோடு கிராமங்களுக்குப் போனதுதான் தன்னை மாற்றியது என்று சுயசரிதையில் எழுதியிருக்கிறார். முசோரியிலிருந்து துரத்தாமல் இருந்திருந்தால் அந்தச் சந்திப்பு அப்போது நடந்திருக்காது. தடை நீங்கி மறுபடி சவாய்க்கு வந்தபோது, முற்றத்தில் ஆப்கான் குழுவைச் சேர்ந்த ஒருவர் கையில் குட்டி இந்திரா இருந்ததைப் பார்த்தாராம். பேசக்கூடாது என்ற கட்டுப்பாடு ரெண்டரை வயசுக் குழந்தைக்குப் பொருந்தவில்லை போல.

நீங்கள் சவாய் முற்றத்தில் நிற்கும்போது இதை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். எந்த ரீலிலும் இது வராது.

மும்பை தாஜ், கோட்டா: அங்கே மட்டும் என்ன?

தாஜ் மஹால் பேலஸ் கதை உங்களுக்கே தெரிந்திருக்கும். வெள்ளைக்கார ஆர்க்கிடெக்ட் பிளான் போட்டுக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனாராம், திரும்பி வந்து பார்த்தால் முன்பக்கம் பின்பக்கமாகக் கட்டிவிட்டார்களாம், மாடியிலிருந்து குதித்துவிட்டாராம், ஆவி சுற்றுகிறதாம். கட்டடத்தை முதலில் வடிவமைத்தவர்கள் சீதாராம் கண்டேராவ் வைத்யாவும் டி.என். மிர்சாவும். இந்தியர்கள். வைத்யா கட்டி முடிக்கும் முன்பே காலமாகிவிட, டபிள்யூ.ஏ. சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் முடித்துக் கொடுத்தார். 1903 டிசம்பரில் திறந்தார்கள். வாசல் நகரத்தைப் பார்த்து இருந்தது, கடற்காற்று அறைகளுக்குப் போக வேண்டும், குதிரை வண்டிகள் ஊர்ப் பக்கமிருந்து வரும் என்பதால்தான். கேட்வே ஆஃப் இந்தியா அப்போது கிடையாது. அது 1924-ல் முடிந்தது. வெள்ளைக்காரர் போட்ட பிளானை இந்தியக் கொத்தனார்கள் தலைகீழாகக் கட்டினார்கள் என்ற கேலிதான் இந்தப் பேய்க் கதையின் உள்சரக்கு. வடிவமைத்ததே ஒரு மராத்தியர் என்பது அதில் காணாமல் போய்விட்டது.

ராஜஸ்தான் கோட்டாவில் சம்பல் நதிக்கரையில் இருக்கும் பிரிஜ்ராஜ் பவன் கொஞ்சம் வேற மாதிரி. இங்கே சாவு கற்பனை இல்லை. பிரிட்டிஷ் ரெசிடென்சியாக இருந்த இந்த மாளிகையில் 1857 அக்டோபர் 15 அன்று மேஜர் சார்லஸ் பர்ட்டனும் அவருடைய இரண்டு மகன்களும் கிளர்ச்சிப் படையினரால் கொல்லப்பட்டார்கள். பல மணி நேரம் மாடி அறையில் தாக்குப்பிடித்துப் பார்த்தார்கள், முடியவில்லை. அந்த மேஜர் இன்றும் கைத்தடியோடு நடமாடுகிறார் என்பது கதை. டூட்டியில் தூங்கும் காவலாளியைப் பளார் என்று அறைவாராம். பேய்களிலேயே மேனேஜ்மென்ட்டுக்கு இவ்வளவு உதவியாக இருக்கும் பேய் வேறு எங்கும் இல்லை.

இதில் உறுத்துவது ஒன்று உண்டு. அந்தக் கிளர்ச்சியை நடத்திய லாலா ஜெய்தயாலும் மெஹ்ராப் கானும் பிறகு பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டார்கள். கோட்டாவில் அவர்கள் ஆவியைப் பார்த்ததாக யாரும் ஹோட்டல் பிரசுரத்தில் எழுதுவதில்லை. இந்தியாவின் பழைய ஹோட்டல்களில் அலையும் பேய்களைக் கணக்கெடுத்தால் பெரும்பாலும் மேஜர்களும் மேம்களும்தான். அறை வாடகைக்கு ஏற்ற பேய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனா நெஜமாவே சத்தம் கேட்டுச்சுன்னா?

கேட்கும். கேட்காவிட்டால்தான் ஆச்சரியம்.

முசோரி சுமார் 2,000 மீட்டர் உயரம். பகலில் வெயில் பட்டு விரிந்த மரமும் தகரக் கூரையும் ராத்திரி குளிரில் சுருங்கும். அப்போது மூட்டுகளில் 'டக்', 'கிரீச்' என்று சத்தம் வரும். வரிசையாக வந்தால் யாரோ நடப்பது போலவே இருக்கும். கூரை மேல் குரங்கு ஓடும். தேவதாரு மரங்களுக்கு நடுவில் காற்று போகும் சத்தம், பெசன்ட் நகர் அலைச் சத்தத்தில் வளர்ந்த காதுக்குப் புதிது.

இதோடு உங்கள் மூளையும் சேர்ந்துகொள்ளும். புது இடத்தில் முதல் ராத்திரி தூக்கம் வராது என்று அம்மா சொல்வார்களே, அதை பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் அளந்து பார்த்தார்கள். முதல் ராத்திரியில் மூளையின் இடது பாதி, வலது பாதி அளவுக்கு ஆழமாகத் தூங்குவதில்லை. ஒரு பாதி காவலுக்கு விழித்திருக்கிறது என்று சொல்லலாம். சின்ன சத்தத்துக்கும் சட்டென்று எழுப்பிவிடும்.

நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி, கண் திறந்திருக்கிறது, கை கால் அசையவில்லை, கத்த முடியவில்லை. இதற்கு நம்ம ஊரில் 'அமுக்குவான் பேய்' என்று பெயர். கனவு காணும் கட்டத்தில் உடம்பு அசையாமல் இருக்க மூளை தசைகளைப் பூட்டி வைக்கும். சில சமயம் பூட்டு திறக்கும் முன்பே விழிப்பு வந்துவிடும். கனவின் மிச்சம் அறையில் உருவமாகத் தெரியும். தூக்கம் கெட்டவர்களுக்கும், ஷிஃப்ட் மாறி மாறி வேலை பார்ப்பவர்களுக்கும், மல்லாந்து படுப்பவர்களுக்கும் வர வாய்ப்பு அதிகம். நைட் ஷிஃப்ட் முடித்து, டெல்லியிலிருந்து ராத்திரி பஸ்ஸில் 290 கிலோமீட்டர் குலுங்கி வந்து, மறுநாள் பேய்க் கதை கேட்டுவிட்டு மல்லாந்து படுத்தால், சவாய் வேண்டாம், சொந்த பிஜி அறையிலேயே வரும்.

இன்னொரு விஷயம் கேட்க ஜாலியாக இருக்கும். இங்கிலாந்தின் கவென்ட்ரியில் விக் டேண்டி என்ற பொறியாளர் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் பேய் இருப்பதாகப் பேச்சு. ஒருநாள் அவருக்கே கண்ணோரத்தில் சாம்பல் நிற உருவம் தெரிந்தது. மறுநாள், பட்டறை இடுக்கியில் பிடித்து வைத்திருந்த வாள் ஒன்று தானாக அதிர்ந்தது. தேடிப் பார்த்தால் காரணம் புதிதாகப் போட்ட எக்ஸாஸ்ட் ஃபேன். காதுக்குக் கேட்காத, விநாடிக்குச் சுமார் 19 அதிர்வு கொண்ட ஒலி. ஃபேனைச் சரி செய்ததும் பேய் போய்விட்டது. 1998-ல் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். ஆனால் பின்னால் மற்றவர்கள் செய்த சோதனைகளில் முடிவு ஒரே மாதிரி வரவில்லை. அதனால் எல்லாப் பேய்க்கும் இதுதான் விடை என்று யாராவது அடித்துச் சொன்னால் அதையும் நம்ப வேண்டாம்.

உண்மையில் பயப்பட வேண்டியது

1921-ல் அமெரிக்கக் கண் மருத்துவர் ஒருவர் மருத்துவ இதழில் ஒரு குடும்பத்தின் கதையைப் பதிவு செய்தார. பழைய வீட்டுக்குக் குடிபோனதிலிருந்து அவர்களுக்குக் காலடிச் சத்தம், உருவங்கள், தலைவலி, சோர்வு. வீட்டுச் செடிகூட வாடியது. காரணம், வீட்டைச் சூடாக்கும் உலை கோளாறாகி கார்பன் மோனாக்சைடு வாயுவைக் கக்கிக்கொண்டிருந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மலை ஊர் ஹோட்டலில் ஆளைக் கொல்லக்கூடியது இதுதான். வட இந்தியாவில் குளிர்காலத்தில் 'அங்கீட்டி' என்ற கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்கி, மொத்தக் குடும்பமே எழுந்திருக்காமல் போன செய்தி அடிக்கடி வருகிறது. கொடைக்கானலிலும் பார்பிக்யூ அடுப்பை அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கிய சுற்றுலாப் பயணிகள் இறந்திருக்கிறார்கள். இந்த வாயுவுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. தீ அணைந்த மாதிரி தெரிந்தாலும் கரி உள்ளே கனன்றுகொண்டுதான் இருக்கும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், காரணமில்லாத தூக்கக் கலக்கம் இவைதான் அறிகுறிகள். ஒரே அறையில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் இது வந்தால், பேய் என்றோ உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்றோ படுத்துவிடாதீர்கள். உடனே வெளியே காற்றுக்கு வாருங்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பெரிய ஹோட்டல்களில் இந்தப் பிரச்னை குறைவு. பட்ஜெட்டுக்காகப் பக்கத்து ஹோம்ஸ்டேயில் தங்கிவிட்டு சவாய்க்கு டீ குடிக்க மட்டும் போகலாம் என்ற திட்டம் இருக்கிறதல்லவா, அங்கேதான் கவனம். குளிருக்குக் கரி அடுப்பு கொண்டுவந்து வைத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கூடுதல் ரஜாய் கேளுங்கள். ஜன்னல் இல்லாத பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் மாட்டியிருந்தால் அறையை மாற்றச் சொல்லுங்கள். எரியும் கணப்பு உள்ள அறை என்றால் புகைபோக்கி வேலை செய்கிறதா என்று கேளுங்கள்.

அடுத்தது தீ. சார்ல்வில் ஞாபகம் இருக்கிறதா? பழைய மரக் கட்டடத்தில் தங்கினால், பை வைத்ததும் முதல் வேலையாக வெளியேறும் படிக்கட்டு எங்கே என்று நடந்து பார்த்துவிடுங்கள். மெழுகுவத்தி ஏற்றி ஓஜா போர்டு விளையாடுகிற எண்ணம் இருந்தால், தயவுசெய்து, மெழுகுவத்தியை விட்டுவிடுங்கள்.

போனால் எப்படி நடந்துக்கணும்?

அறை எடுக்காமல் சாப்பிட மட்டும் போகலாமா என்பதை முன்கூட்டியே போன் செய்து கேளுங்கள். சீசனில் தங்குபவர்களுக்கே இடம் இருக்காது. ரிசப்ஷனில் போய் "அந்த ரூம் நம்பர் எது?" என்று கேட்காதீர்கள். சொல்ல மாட்டார்கள், ஒரு நாளைக்குப் பத்துப் பேர் கேட்கும் கேள்வி அது. அதற்குப் பதில் கட்டடத்தைப் பற்றிக் கேளுங்கள். நிலநடுக்கத்துக்குப் பிறகு எந்தப் பகுதி மாறியது, பழைய நடன அரங்கு எது, ரைட்டர்ஸ் பார் எங்கே என்று. பேச்சு தானாக நீளும்.

ராத்திரி காரிடாரில் டார்ச்சோடு கத்திக்கொண்டு ஓடுவது, ஊழியர்களைப் பின்னாலிருந்து பயமுறுத்தி வீடியோ எடுப்பது இரண்டும் வேண்டாம். அந்த நீளமான காரிடாரில் ராத்திரி 3 மணிக்குத் தனியாக நடக்க வேண்டியவர் நீங்கள் இல்லை, டீ எடுத்து வரும் அந்தப் பையன்தான். பூட்டிக் கிடக்கும் பகுதிக்குள் ஏறிக் குதித்தால் அது அத்துமீறல். பாரதிய நியாய சம்ஹிதாவின் 329-வது பிரிவு அதைப் பற்றித்தான் பேசுகிறது.

முசோரி போனதும் டாக்ஸிக்காரர் "லம்பி தேஹர் சுரங்கம் பார்க்கணுமா?" என்று கேட்பார். பக்கத்திலேயே இருக்கும் கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் சுரங்கம். 50,000 தொழிலாளர்கள் ஒரே சமயத்தில் செத்தார்கள், அவர்கள் ஆவி அலறுகிறது என்பது யூடியூப் கதை. 2011 கணக்கெடுப்பில் முசோரி நகரத்தின் மொத்த மக்கள்தொகையே சுமார் 30,000. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். டூன் பள்ளத்தாக்கில் சுண்ணாம்புக்கல் குவாரிகள் மலையை அரித்து, நீரோடைகளைக் கெடுத்ததற்கு எதிராக டேராடூனின் ஒரு தொண்டு அமைப்பு உச்ச நீதிமன்றம் போனது. 1985-லிலும் 1988-லிலும் வந்த உத்தரவுகளால் பெரும்பாலான குவாரிகள் மூடப்பட்டன. நாட்டின் முதல் பெரிய சுற்றுச்சூழல் வழக்குகளில் ஒன்று அது. அந்த வெள்ளைத் தழும்புகளைப் பார்ப்பதற்காகப் பகலில் போனால் போவதில் அர்த்தம் உண்டு. இடிந்த கட்டடத்துக்குள் மட்டும் போகாதீர்கள்.

எப்போது போகலாம், எப்படிப் போகலாம்?

டேராடூன் ரயில் நிலையத்திலிருந்து முசோரி சுமார் 35 கிலோமீட்டர், ஜாலி கிரான்ட் விமான நிலையத்திலிருந்து சுமார் 60. மே, ஜூன் மாத சனி ஞாயிறுகளில் போனால் பேயைப் பார்க்கிறீர்களோ இல்லையோ டிராஃபிக் ஜாமைப் பார்ப்பீர்கள். மழைக்காலத்தில் மண்சரிவு. ரீலில் வரும் அந்தப் பனிமூட்டம் ஜூலை, ஆகஸ்டில்தான் தினமும் கிடைக்கும், ஆனால் சாலை நிலவரம் பார்த்துக் கிளம்ப வேண்டும். செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை வானம் தெளிவாக இருக்கும். வார நாளில் லீவு போட முடிந்தால் அறை வாடகையும் இறங்கும்.

முதல் ராத்திரி எப்படியும் தூக்கம் கெடும் என்பதால், முடிந்தால் இரண்டு ராத்திரி தங்குங்கள். இரண்டாம் நாள் காலை 6 மணிக்கு லைப்ரரி பக்கமிருந்து கேமல்ஸ் பேக் ரோட்டில் நடக்க ஆரம்பியுங்கள். சுமார் 3 கிலோமீட்டர், வண்டித் தொந்தரவு குறைவு, நடுவில் பழைய ஆங்கிலேயக் கல்லறைத் தோட்டம் வரும். உள்ளே போக அனுமதி வேண்டும்; சாலையில் நின்றே பார்க்கலாம். குல்ரி பக்கம் இறங்கியதும் சூடாக ஆம்லெட்டும் டீயும் கிடைக்கும்.